முன்னாள் அரச சட்டவாதியும் முந்தல் எதிரியும்

முந்தலிலோ உடப்பிலோ மதுரங்குளியிலோ ஒருவர் மீது பாரதூரமான குற்ற வழக்கொன்று விழுந்துவிட்டால், அன்று மாலையே அவர் வீட்டு முற்றத்தில் உறவினர் கூடிவிடுகின்றனர். கூடியவர்களுள் மூத்த ஒருவர் தவறாது கூறும் யோசனை ஒன்று உண்டு. “முன்னர் அரசாங்கப் பக்கம் நின்று வழக்குப் பேசிய அப்புக்காத்து ஒருவரைக் கொழும்பிலே பிடியுங்கள். அவருக்கு உள்வழி தெரியும். கோட்டில் அவர் சொல் எடுபடும்.” அவ்வளவுதான். மறுநாட் காலையில் தாலிக்கொடி அடைவுக் கடைக்குப் போகின்றது. தென்னங்காணி ஈட்டுக்குப் போகின்றது. கடலை நம்பிப் பிழைப்பவராயின் தோணியும் இயந்திரமும் விலைபேசப்படுகின்றன.

அப்புக்காத்து என்ற உத்தியோகம் இந்நாட்டுச் சட்டத்திலே இப்பொழுது இல்லை. 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் நியாயதுரந்தரர்களையும் பிரக்கிராசிமாரையும் ஒன்றாக்கி, 1974 ஆம் ஆண்டு தொடக்கம் எல்லோரையும் சட்டத்தரணிகளாக்கி விட்டது. ஆயினும் நம் மக்கள் வாயில் அப்புக்காத்து சாகவில்லை. அவரைப் பற்றிய நம்பிக்கைகளும் சாகவில்லை. அந்நம்பிக்கைகளுள் ஒன்றான இந்த ‘உள்வழி’யைப் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகின்றோம். ஏனெனில் அதில் பாதி உண்மை. மறுபாதி ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தவல்ல பொய்.

அரச சட்டவாதி என்பவர் யார் என்பதை முதலில் தெளிந்துகொள்வோம். கொலை, பாரிய போதைப்பொருட் குற்றம் போன்றவற்றில் பொலீசார் விசாரணை நடத்துகின்றனர். ஆனால் மேல் நீதிமன்றத்தில் எவர் மீது, எந்தக் குற்றத்தைச் சுமத்தி வழக்காடுவது என்று தீர்மானிப்பவர் சட்டமா அதிபர். அவருடைய திணைக்களத்தில் உள்ள சட்டவாதிகளே கோவைகளைப் படித்துக் குற்றப்பத்திரம் தயாரிக்கின்றனர். நீதிமன்றத்தில் எழுந்து நின்று வழக்கையும் நடத்துகின்றனர். இவர்களுட் சிலர் சில ஆண்டுகளின் பின் அரச சேவையை விட்டு விலகித் தனியார் தொழிலை மேற்கொண்டு, நேற்றுவரை எவருக்கு எதிராக வாதாடினார்களோ அவர்களைப் போன்றவர்களுக்காகவே வாதாடத் தொடங்குகின்றனர். இதிலே இழுக்கு ஒன்றுமில்லை. இது நெடுங்கால வழக்கம்.

தமிழ் உலகம் முழுவதும் அறிந்த ஒரு வழக்கையே எடுத்துக்கொள்வோம். ‘இந்து நேசன்’ பத்திரிகையை நடத்திய இலட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8 ஆந் திகதி சென்னை வேப்பேரியிற் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். பாகவதரின் குரலுக்குத் தமிழகமும் இலங்கையும் மயங்கிக் கிடந்த காலம் அது. 1945 மே மாதத்தில் யூரர்களின் பெரும்பான்மைத் தீர்ப்பின்படி இருவருக்கும் ஆயுட்காலத் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீடு சென்னையிலே தோற்றது. இலண்டன் பிரிவுக் கவுன்சில்வரை சென்று, மீண்டும் விசாரிக்கும்படி சென்னைக்கே திரும்பி வந்தது. அம்மேன்முறையீட்டில் எதிரிகள் தரப்பில் நின்று வாதாடியவர் வி. எல். எதிராஜ். இவர் யார்? சென்னை மாகாணத்திலே கிரவுண் புறொசிக்கியூட்டர் என்னும் அரசாங்க வழக்குத்தொடுநர் பதவியை வகித்த முதல் இந்தியர். 1948 இல் சென்னையிற் பெண்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவிய எதிராஜும் இவரே. எத்தனையோ பேரைத் தண்டனைக்கு அனுப்பிய அதே நாவு 1947 ஏப்ரலில் இருவரைச் சிறையிலிருந்து மீட்டது. நீதிபதிகள் ஹாப்பெலும் சகாபுதீனும் அவர்களை விடுதலை செய்தனர்.

இக்கதையைக் கேட்டவுடன், “பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரிதானே?” என்று முற்றத்துப் பெரியவர் கேட்பார். பொறுங்கள். எதிராஜ் நீதிபதியின் காதில் எதையும் ஓதவில்லை. உள்வழி ஒன்று இருந்திருந்தால் அந்த வழக்குக்கு இலண்டன்வரை போய் வரவேண்டிய தேவை ஏன்? நாட்டிலேயே பேர்பெற்ற இரு கலைஞர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறைக்கம்பிகளை எண்ணவேண்டிய அவசியம் ஏன்? அவர்களை மீட்டது, அரசாங்கத் தரப்புச் சாட்சியத்தின் மீது தண்டனையைக் கட்டியெழுப்ப முடியாது என்பதை வரிவரியாக எடுத்துக் காட்டிய உழைப்பு. அரசாங்கத் தரப்பிலே நின்று பழகியவருக்கு அக்கட்டடத்தின் எந்தக் கல் பலவீனமானது என்பது தெரியும். இதுவே அவரிடம் உள்ள சரக்கு. வேறொன்றுமில்லை.

பழைய பதவி பாரமாகும்போது

‘உள்வழி’ நம்பிக்கையின் வேரையே வெட்டும் நிகழ்ச்சி ஒன்று நம் நாட்டு வரலாற்றிலேயே உண்டு. 1962 ஆம் ஆண்டின் இராணுவச் சதி வழக்கில் இருபத்துநான்கு பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர். யூரியின்றி மூன்று நீதிபதிகள் விசாரிப்பதற்கென விசேட சட்டம் செய்யப்பட்டது. முதலாவது நீதிபதிகள் குழு, தம்மை நியமித்தவர் நீதியமைச்சர் என்பதால் அந்நியமனமே செல்லாதெனத் தீர்ப்புக் கூறி விலகியது. இரண்டாவது குழுவும் கலைந்தது. ஏன்? அதில் அமர்ந்த நீதிபதி அபேசுந்தர, முன்னர் சட்டமா அதிபர் திணைக்களத்தில் இருந்தபோது அவ்வழக்கின் புலனாய்வுக்கு உதவியிருந்தார் என்பதே காரணம். மூன்றாவது குழுவே வழக்கை விசாரித்து 1965 இற் பதினொருவரைக் குற்றவாளிகளாகக் கண்டது. அத்தீர்ப்பையும் அதே ஆண்டு டிசம்பரில் பிரிவுக் கவுன்சில் தள்ளிவிட்டது.

இதிலிருந்து முந்தல் வாசகர் அறியவேண்டியது என்ன? ஒரு வழக்கிலே அரசாங்கப் பக்கம் நின்று கை வைத்த ஒருவர், அதே வழக்கில் வேறு ஆசனத்தில் அமர முடியாது. நீதிபதியின் ஆசனத்துக்கு உள்ள விதி எதிரித் தரப்புச் சட்டத்தரணியின் ஆசனத்துக்கும் உண்டு. “அவர் திணைக்களத்தில் இருந்தபோது நம்முடைய கோவையையே பார்த்தவராம்” என்று சிலர் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கின்றோம். அப்படி உண்மையிலேயே பார்த்திருந்தால், ஐயா, நீங்கள் அமர்த்தக்கூடாத ஒரே சட்டத்தரணி அவர்தான். தொழில் ஒழுக்கம் அவரைத் தடுக்கும். அவர் தடையை மதியாது வந்தால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். வழக்கு தவணைக்கு மேல் தவணையாக இழுபடும். அத்தனை காலமும் விளக்கமறியலில் கிடப்பவர் உங்கள் மகன். நேர்மையான முன்னாள் சட்டவாதி இக்கேள்வியை நீங்கள் கேட்பதற்கு முன்பே தாமாகச் சொல்லிவிடுவார்.

இதிலும் கேவலமான வியாபாரம் ஒன்று உண்டு. நீதிமன்ற வாயிலில் நிற்கும் தரகர்கள், “ஐயா முன்னாள் அரசாங்கத்து ஆள், மேலே கொடுக்கவேண்டியதைக் கொடுத்தால் குற்றப்பத்திரமே வராது” என்று சொல்லிக் காசு பறிக்கின்றனர். அக்காசு மேலே போவதில்லை. தரகரின் சட்டைப்பையோடு நின்றுவிடுகின்றது. மேலே போவதாகவே வைத்துக்கொண்டாலும், வாங்குவோர் மாத்திரமன்றிக் கொடுப்போரும் குற்றவாளிகள் என்றே இலஞ்சச் சட்டம் 1954 முதற் கூறி வந்தது. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமும் அதையே கூறுகின்றது. ஒரு வழக்கிலிருந்து தப்ப முனைந்து இரண்டாவது வழக்கிலே விழுவானேன்?

அவருக்கு உண்மையில் தெரிந்தது

அப்படியானால் முன்னாள் அரச சட்டவாதிக்கு மற்றவர்க்குத் தெரியாத எதுதான் தெரியும்? நிறையத் தெரியும். அதை விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் நம்மவர் காசு கொடுப்பது ஒன்றுக்கு, கிடைப்பது மற்றொன்று.

கோவை ஒன்று அவர் மேசைக்கு வந்தால் முதலில் அவர் கண் போவது முதல் முறைப்பாட்டின் மீது. பொலீஸ் தகவற் புத்தகத்தில் அது எத்தனை மணிக்குப் பதியப்பட்டது? சம்பவம் மாலை ஆறு மணிக்கு. முறைப்பாடு மறுநாள் நண்பகலில் என்றால், இடையில் நடந்தது என்ன? முதல் முறைப்பாட்டில் எதிரியின் பெயர் உண்டா, அல்லது மூன்றாம் நாள் வந்த சாட்சியின் வாயிலிருந்துதான் அப்பெயர் முதன்முறையாக வெளிவந்ததா? பிரேத பரிசோதனை அறிக்கையிலுள்ள காயங்கள் கண்கண்ட சாட்சி கூறும் ஆயுதத்தோடு ஒத்துப்போகின்றனவா? இருட்டில், களப்பின் மறு கரையில் நின்றவர் முகத்தை அடையாளங் கண்டது எவ்வாறு? பொலீசில் சொல்லாததை நீதிமன்றத்திலே புதிதாகச் சொல்லும் சாட்சியைப் பழைய வாக்குமூலத்தைக் கொண்டே முரண்படுத்தலாம். இவற்றையெல்லாம் பல ஆண்டுகளாக அரசாங்கத்தின் பலவீனங்களாக எண்ணி அஞ்சியவர் அவர். அந்த அச்சமே இப்பொழுது உங்களுக்கு ஆயுதமாகின்றது.

போதைப்பொருள் வழக்குகளில் இது இன்னும் முக்கியம். புத்தளம், கற்பிட்டிக் கரையோரம் கடத்தற் பாதையாகிவிட்ட காலம் இது. யாரோ கொண்டுவந்த பொதிக்காக யாரோ ஒரு கூலித் தோணிக்காரன் அகப்படுகின்றான். 1984 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி 2 கிராம் ஹெரோயின் இருந்தாலே மரண தண்டனையோ ஆயுட்சிறையோ விதிக்கலாம். 2022 ஆம் ஆண்டின் திருத்தம் ‘ஐஸ்’ எனப்படும் போதைப்பொருளில் 5 கிராமுக்கு அதே நிலையை ஏற்படுத்தியது. 1976 இன் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பது உண்மை. ஆனால் தூக்குத் தண்டனை பெற்றவன் சிறைக்குள்ளேயே கிழவனாகின்றான். இவ்வழக்குகளில் வாதம் பெரும்பாலும் பொதியைப் பற்றியது. கைப்பற்றிய இடத்தில் முத்திரையிடப்பட்டதா? எவர் கையிலிருந்து எவர் கைக்கு, எந்த நாளில், எந்தப் பற்றுச்சீட்டோடு சென்றது? பொலீஸ் நிலையத்தில் கண்ட நிறைக்கும் அரச பகுப்பாய்வாளர் கண்ட நிறைக்கும் வேறுபாடு உண்டா? இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தம் கையாலேயே கோத்துப் பழகியவருக்கு, அறுந்த கண்ணி எங்கே இருக்கும் என்பது எளிதிற் புலப்படும்.

மற்றொன்று. குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்படுவதற்கு முன்பே எதிரித் தரப்பு சட்டமா அதிபருக்குத் தன் நியாயங்களை எழுத்தில் முன்வைக்கலாம் என்பது நம்மிற் பலருக்குத் தெரியாது. இறால் பண்ணை வாய்க்கால் தகராறு ஒன்று கைகலப்பாகி ஓர் உயிர் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அது திட்டமிட்ட கொலையா, அல்லது திடீர்ச் சண்டையிலே, கோபாவேசத்தில் நிகழ்ந்த மரணமா? தண்டனைச் சட்டக்கோவையின் 294 ஆம் பிரிவு கூறும் விதிவிலக்குகளுள் ஒன்று பொருந்தினால், மரண தண்டனைக்குரிய 296 ஆம் பிரிவிலிருந்து 297 ஆம் பிரிவுக்கு அது இறங்குகின்றது. அந்த இறக்கம் ஓர் ஆயுளைக் காப்பாற்றும். எத்தகைய ஆவணங்களோடு, எந்த நேரத்தில் எழுதினால் திணைக்களம் அதைச் சிந்தித்துப் பார்க்கும் என்பதை அறிந்தவர் அங்கே பணியாற்றியவர். ஒளிவுமறைவற்ற இந்த வழியை உள்வழி என்று யாரேனும் அழைப்பாராயின் நமக்கு ஆட்சேபமில்லை.

ஆயினும் இவருக்குக் குறைகளும் உண்டு. பொலீசார் கொண்டுவந்த கதையை நம்பியே ஆண்டுகள் பல கழித்தவர், அந்த நம்பிக்கையை ஒரே நாளிற் களைந்துவிடுவாரா? சிலர் களைகின்றனர், சிலர் களைவதில்லை. பின்னவர் உங்கள் முகத்தைப் பார்த்தவுடனேயே “குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்வோம்” என்பார். அது சில வேளை நல்ல ஆலோசனை; சில வேளை பழைய ஆசனத்தின் சூடு ஆறாமையின் விளைவு.

மேலும், முன்னாள் சட்டவாதி அல்லாதவர் வெல்லமாட்டார் என்றும் எவரும் எண்ணவேண்டா. 1951 அக்டோபர் 9 ஆந் திகதி கொழும்பு பம்பலப்பிட்டியில் தம் மனைவி கொலையுண்டமைக்காகக் கைதான கிரிக்கெட் வீரர் மகாதேவ சதாசிவத்தின் வழக்கை மறந்தோமா? அரசாங்கத் தரப்பில் நின்றவர் ரி. எஸ். பெர்னாண்டோ. எதிரித் தரப்பில் நின்றவர் டாக்டர் கொல்வின் ஆர். டி சில்வா. கொல்வின் அரசாங்கத்தின் சட்டவாதியாக இருந்தவரல்லர். அரசாங்கம் சிறையில் அடைத்து வைத்த அரசியல்வாதி. வழக்கு ஐம்பத்தேழு நாட்கள் நடந்தது. மரணம் நிகழ்ந்த நேரம் எது என்ற ஒரு கேள்வியைப் பற்றிக்கொண்டு, எடின்பரோவிலிருந்து பேராசிரியர் சேர் சிட்னி சிமித்தையும் சாட்சியாக வரவழைத்து, வேலைக்காரன் வில்லியத்தின் சாட்சியத்தை அவர் குடைந்தெடுத்தார். 1953 யூன் மாதத்தில் சதாசிவம் விடுதலையானார். அதற்கு முன் அவர் மறியலில் இருந்த காலம் இருபது மாதங்கள். இன்னொரு பக்கமும் உண்டு: 1959 இல் கொலையுண்ட பிரதமர் பண்டாரநாயக்காவின் வழக்கை நடத்துவதற்கு அரசாங்கமே தனியார் தொழிலில் இருந்த ஜோர்ஜ் சிற்றியை நாடியது. இரு பக்கமும் நின்று பேசக் கூடியவரே தேர்ந்த வழக்கறிஞர். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு வந்தார் என்பது இரண்டாம் பட்சம்.

முதல் இரவு

இனி நாம் மிகவும் கவலைப்படும் விடயத்துக்கு வருகின்றோம். கொழும்பிலிருந்து பெரியவர் வருவது எப்பொழுது? பெரும்பாலும் வழக்கு மேல் நீதிமன்றத்துக்கு வந்த பின். அதற்கு முன்பே வழக்கின் தலைவிதி எழுதப்பட்டுவிடுகின்றது. எழுதப்படும் இடம் பொலீஸ் நிலையம், எழுதப்படும் மொழி பெரும்பாலும் சிங்களம், கையொப்பமிடுபவர் தமிழர்.

விவசாயியாவது பயந்து வாயடைத்து நிற்பார். படித்த உத்தியோகத்தரோ, தமக்கு எல்லாம் பேசித் தீர்க்கத் தெரியும் என்ற துணிவில், கேளாத கேள்விக்கும் விடை கூறி, அரைகுறையாக விளங்கிய சிங்களத்தில் எழுதியதன் கீழ் அழகாகக் கையொப்பமும் இட்டுவிட்டு வீடு திரும்புகின்றார். ஆசிரியர், எழுதுவினைஞர் பலரை மனதில் வைத்தே இதைக் கூறுகின்றோம்.

அந்தக் கையொப்பம் என்ன செய்யும் என்பதற்குச் சிங்கராசா வழக்கு சான்று. மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்த இத்தமிழர் 1993 இற் கைது செய்யப்பட்டார். சிங்களம் அறியாதவர். அவருடைய குற்ற ஒப்புதல் என்று சமர்ப்பிக்கப்பட்டது சிங்களத்தில் எழுதப்பட்டது. அதன் கீழ் இருந்தது அவருடைய பெருவிரல் அடையாளம். சாதாரண வழக்குகளில், பொலீஸ் உத்தியோகத்தருக்குச் செய்த குற்ற ஒப்புதலைச் சான்றாகக் கொள்ள முடியாதென 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், 25 ஆம் பிரிவிலே கூறுகின்றது. ஆனால் 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ உதவிப் பொலீஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத உத்தியோகத்தரிடம் செய்த ஒப்புதலைச் சான்றாக்கியது. 1995 இல் மேல் நீதிமன்றம் அவருக்கு விதித்த தண்டனை ஐம்பது ஆண்டுகள். மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்தாகக் குறைந்தது. 2004 இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று கருத்துரைத்தது. 2006 இல் நம் நாட்டு உயர் நீதிமன்றம் அக்கருத்தை ஏற்க மறுத்தது. அந்தப் பெருவிரல் அடையாளத்தைப் பின்னர் எந்த அப்புக்காத்தாலும் அழிக்க முடியவில்லை.

முந்தலில் நடப்பது பெரும்பாலும் பயங்கரவாத வழக்கன்று. வாய்ச்சண்டை, வலைச்சண்டை, எல்லைச்சண்டை, கடத்தற்பொதி. ஒப்புதல் சான்றாகாவிட்டாலும், அன்றிரவு எழுதப்பட்ட வாக்குமூலத்தைக் கொண்டு பின்னர் எதிரியை முரண்படுத்தலாம். ஆகவே நாம் வற்புறுத்துவது இதுவே: வீட்டு முற்றத்துக் கூட்டம் கொழும்பைப் பற்றி யோசிப்பதற்கு முன், புத்தளத்திலோ சிலாபத்திலோ தொழில் நடத்தும், தமிழ் பேசும், சாதாரணச் சட்டத்தரணி ஒருவரை அன்றிரவே பொலீஸ் நிலையத்துக்கு அனுப்புங்கள். சட்டத்தரணிகள் பொலீஸ் நிலையத்தில் தம் கட்சிக்காரருக்காகத் தோன்றுவதற்கு 2012 ஆம் ஆண்டிலேயே விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டுமாறு கேளுங்கள். விளங்காததன் கீழ்க் கையொப்பமிடாதீர்கள். அந்தச் சட்டத்தரணிக்கு நீங்கள் கொடுக்கும் சிறு தொகை, பின்னர் பெரியவருக்குக் கொடுக்கவிருக்கும் பெருந்தொகையிலும் கூடுதலான வேலையைச் செய்யும்.

அதன் பின் பெரியவரை அமர்த்துவதாயின் அமர்த்துங்கள். ஆனால் வெட்கப்படாது சிலவற்றைக் கேளுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் நீங்களே வருவீர்களா, கனிட்டர் வருவாரா? கட்டணம் தவணைக்கா, வழக்கு முழுவதற்குமா? நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்துவந்து, வழக்கு ஒத்திவைக்கப்பட்டால் அதற்கும் காசா? கொலைக் குற்றச்சாட்டில் மேல் நீதிமன்ற நீதிபதியே பிணை வழங்க முடியும் என்று 1997 ஆம் ஆண்டின் பிணைச் சட்டம் கூறுகின்றதே, அந்த மனுவை யார் எப்பொழுது தாக்கல் செய்வார்? என்னோடு தமிழிற் பேசுவீர்களா? தமிழ் தெரியாதவராயின் நம்பத்தக்க தமிழ்க் கனிட்டர் ஒருவர் உடன் இருப்பாரா?

கடைசிக் கேள்வியே எல்லாவற்றிலும் பெரிது. காரணத்தைச் சொல்கின்றோம். முன்னாள் அரச சட்டவாதி ஒருவரின் முழுப் பயனும், அவர் தம் அறையிலே கதவைச் சாத்திவிட்டு உங்களை எதிரியாகவே வைத்துக் குறுக்கு விசாரணை செய்வதில்தான் இருக்கின்றது. நாளை நீதிமன்றத்தில் அரசாங்கத் தரப்பு எதைக் கேட்குமோ அதை இன்று அவர் கேட்கவேண்டும். நீங்கள் எங்கே தடுமாறுகின்றீர்கள் என்று பார்க்கவேண்டும். நீங்கள் சத்தியம் செய்து சாட்சி சொல்வதா, எதிரிக்கூண்டில் நின்றபடி கூற்று மாத்திரம் செய்வதா, வாய் திறவாதிருப்பதா என்பதை அதன் பின்னரே அவர் தீர்மானிக்க முடியும். இதற்கு நீங்கள் அவரிடம் முழு உண்மையையும் சொல்லவேண்டும். நம்மவரோ பொலீசுக்கு அஞ்சி அங்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தம் சட்டத்தரணியிடம் மறைக்கின்றனர். முன்னர் அரசாங்கத்து ஆளாயிற்றே என்ற ஐயம் வேறு! கட்சிக்காரர் சொன்னதை அவர் அனுமதியின்றிச் சட்டத்தரணி வெளியிடலாகாதென அதே சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126 ஆம் பிரிவு காவல் நிற்கின்றது. எந்த ஆசனத்திலிருந்து வந்தவராயினும் அக்காவல் அவரைக் கட்டுப்படுத்தும். ஆனால் பொடியன் ஒருவன் தன் நெஞ்சிலிருப்பதை அரைகுறைச் சிங்களத்திலா சொல்வான்? கடலில் அன்று நடந்ததைச் சொல்ல அவனுக்கு இருப்பது உடப்புத் தமிழ் ஒன்றே.

அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை, 1988 ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தத்தின் பின், சிங்களமும் தமிழும் நாடெங்கும் நீதிமன்ற மொழிகள் என்கின்றது. வடக்குக் கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவு சிங்களத்தில் நடந்தாலும், அம்மொழி அறியாத தரப்பினருக்கு மொழிபெயர்ப்பும், பதிவின் தமிழ்ப் பிரதியும் பெறும் உரிமை உண்டு. ஏட்டில் உள்ள இவ்வுரிமை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் இல்லாத நாளில் ஒரு தவணையாக மாறிவிடுகின்றது. காணியை ஈடு வைத்தவர் மற்றொரு தவணைக்கும் காசு தேடுகின்றார். வசதியற்றவருக்கு 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. மேல் நீதிமன்றத்தில் சட்டத்தரணியற்ற எதிரிக்கு நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும் வழக்கமும் உண்டு. இவ்விரண்டிலும் தமிழ் பேசுவோர் எத்தனை பேர் புத்தளம் மாவட்டத் தமிழருக்குக் கிடைக்கின்றனர்?

தமிழ் மக்களின் மொழியுரிமையைப் பற்றி மேடையேறும் நம் தலைவர்கள் வடக்குக் கிழக்கைப் பற்றிப் பேசுகின்றனர். பேசட்டும். முந்தலிலும் தமிழன் இருக்கின்றான், அவன் மீதும் வழக்கு விழுகின்றது என்பதையும் அவர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். அவனுக்காக அவர்கள் பாராளுமன்றத்தில் எழுப்பவேண்டிய கேள்வி மிகச் சிறியது. முந்தல் பொலீஸ் நிலையத்தில் இரவு பத்து மணிக்கு, தமிழில் வாக்குமூலம் எழுதக்கூடிய உத்தியோகத்தர் ஒருவர் கடமையில் இருக்கின்றாரா? எத்தனை இரவுகள் இருக்கின்றார்? அமைச்சர் கூறும் விடையை இவ்விதழில் வெளியிட நாம் இடம் ஒதுக்கி வைத்துள்ளோம்.